வாகனத்தை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்துவது ஏன் வேண்டாம்?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் வெற்றிலைக்கேணிப் பக்கம் கரவலைத் தொழில் செய்கிறேன். என்னிடம் 2002ஆம் ஆண்டு மிற்சுபிசி எல்200 ஸ்ராடா டபிள் கெப் ஒன்று இருக்கிறது. நாலு சில்லு இழுவை. ரயர் 205 ஆர் 16. வலையும் ஐஸ் பெட்டிகளும் ஏற்றினால் பின்பக்கம் குந்திவிடுகிறது. மாரி காலத்தில் வாடிக்குப் போகும் பாதையில் நடுமேடு அடியில் உரசுகிறது. கொழும்பில் ஒருவர் 4 அங்குல லிப்ட் கிட் (வாகனத்தை உயர்த்துகிற சாமான் தொகுதி) மலிவாகத் தரலாம் என்கிறார். இங்கே ஒரு கராஜில் முன்பக்க பாரை முறுக்கி, பின்னுக்கு நீளமான ஷக்கிள் (ஸ்பிரிங்கின் நுனியைச் சேசியோடு இணைக்கிற துண்டு) போட்டால் போதும் என்கிறார்கள். கையில் காசு அதிகம் இல்லை. எதைச் செய்ய?
– ஒரு வாசகர், வடமராட்சி கிழக்கு

பதில்: தம்பி, கொழும்புக்காரருக்கும் கராஜ்காரருக்கும் பதில் சொல்ல முதல் ஒரு அளவுநாடாவை எடுங்கோ. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்காட் விளிம்பு வரைக்கும் நாலு மூலையிலும் அளவுங்கோ. நிலத்திலிருந்து அளக்க வேண்டாம். ரயரில் காற்று கூடிக் குறைந்தால் அந்த அளவு மாறிப்போகும். வெறுமையாக ஒருமுறை, நீங்கள் வழமையாக ஏற்றுகிற சுமையோடு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கோ. இருபது வருசத்துக்கு மேல் உழைத்த ஸ்பிரிங் பிளேட், வெறுமையாக நிற்கும்போதே வளைவு போய்த் தட்டையாகி இருக்கும். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடத் தாழ்ந்தும் இருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், உங்களுடைய கெப் கொம்பனியிலிருந்து வந்தபோது இருந்த உயரத்தைப் பாதியில் தொலைத்துவிட்டு நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். தொலைந்த உயரத்தைத் திருப்பி எடுக்க ஒரு செலவு, அதற்கு மேல் உயர்த்த இன்னொரு செலவு. கிட் விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விலை சொல்லுவார்கள்.

அடுத்தது, நடுமேட்டில் உரசுவது எது என்று கீழே குனிந்து பாருங்கோ. பெரும்பாலும் பின் டிபரன்சலின், அதாவது எஞ்சின் பலத்தைப் பின்சில்லு இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்லுப்பெட்டியின் உருண்டைதான். அது பின் அச்சோடு ஒன்றாக இருப்பது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சேசி மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு அங்குலக் கிட் பூட்டினாலும் அந்த உருண்டை ஒரு மயிரிழை கூட நிலத்தை விட்டு உயராது. அதை உயர்த்துவது பெரிய ரயர் மட்டும், அதுவும் விட்டத்தில் கூடுவதன் அரைவாசி. 205 ஆர் 16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 740 மில்லிமீற்றர். 215/85 ஆர் 16 போட்டால் 772. கூடியது 32, டிபரன்சலுக்குக் கிடைப்பது 16 மில்லிமீற்றர். சின்னக் கணக்காகத் தெரியும். ஆனால் மாரியில் கிறவல் பாதையின் நடுமேட்டில் விரற்கடை அளவும் கணக்குத்தான். இந்த அளவு ரயர் ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருக்கும், 6 அங்குல றிம்மிலேயே உட்காரும், றிம் மாற்றும் செலவு வராது. வேகமானி கொஞ்சம் குறைத்துக் காட்டும். முள் 60இல் நிற்கும்போது நீங்கள் உண்மையில் 62, 63இல் போவீர்கள்.

அப்படியென்றால் லிப்ட் எதற்கு? ரயர் மட்காட்டில் முட்டாமல் இருக்க, முன் மூக்கும் பின் வாலும் வாய்க்கால் கரையில் குத்தாமல் இருக்க, எண்ணெய்த் தாங்கியும் கியர்பொக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டமும் மேட்டில் இருந்து தப்ப. உங்களுடைய வாகனத்தில் முன் டிபரன்சல் சேசியில் தொங்குவதால் அதுவும் சேர்ந்து உயரும். இவை எல்லாவற்றுக்கும், தொலைந்த உயரத்தைத் திருப்பி எடுத்த பிறகு இன்னும் ஒன்றரை அல்லது 2 அங்குலம் போதும். எங்கள் பக்கம் மலைப்பாறை ஏற இல்லை. மணல், உவர்த் தரவை, மாரிச் சேறு, சுண்ணாம்புக்கல் தலைநீட்டுகிற ஒழுங்கை, இவ்வளவும்தான் எங்கள் பாதை.

இனி அந்த 4 அங்குலம். உங்கள் எல்200இல் முன்சில்லுகள் தனித்தனியாக அசைகிற வகை. எஞ்சின் பலம் டிபரன்சலில் இருந்து சி.வி. ஜொயின்ட் வழியாகச் சில்லுக்குப் போகிறது. சேசியை உயர்த்த உயர்த்த அந்த ஜொயின்ட் கூடுதலாக மடிந்தபடி சுழலும். முதலில் அதன் ரப்பர் உறை மடிப்பில் உராய்ந்து கிழியும், கிறீஸ் வெளியே தெறிக்கும், மணல் உள்ளே போகும், பிறகு ஸ்ரியரிங் திருப்பும்போது டக்டக் என்று சத்தம் வரும். கடற்கரை மணலில் இது கெதியில் நடக்கும். முன்சில்லையும் ஸ்ரியரிங்கையும் இணைக்கிற மூட்டுகளான போல் ஜொயின்டும் ரை ரொட் என்டும் அதே மாதிரிக் கோணம் கூடித் தேயும். இவை எல்லாவற்றையும் சரிக்கட்டி 4 அங்குலம் உயர்த்துகிற கிட்டும் இருக்கிறது. அதில் டிபரன்சலையும், சில்லைச் சேசியோடு பிடிக்கிற கைகளான ஆம்களையும் கீழே இறக்கிப் பிடிக்கிற கனத்த பிறக்கட்டுகள், குறுக்குச் சட்டங்கள், சில வேளை புது நக்கிள் (சில்லு பூட்டுகிற துண்டு) எல்லாம் வரும். அது மலிவாகக் கிடைக்கிற சாமான் இல்லை. மலிவாக 4 அங்குலம் என்று ஒருவர் சொன்னால், முன்னுக்குப் பாரை எட்டுமட்டும் முறுக்கி, பின்னுக்கு இரும்புக் கட்டை வைக்கப் போகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் தம்பி.

கராஜ்காரர் சொன்னது அரைவாசி சரி. ஸ்ராடாவின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை, முறுகுகிற நீளக் கம்பி, ரோர்சன் பார். அதன் பின் நுனியில் இருக்கிற போல்டைத் திருகினால் முன்பக்கம் உயரும். ஒரு சதச் செலவும் இல்லை. ஆனால் பாரைத் திருகினால் ஸ்பிரிங் பலம் அதிகரிக்காது. சில்லு கீழே இறங்க இருந்த இடத்தை எடுத்து உயரமாக மாற்றுகிறோம், அவ்வளவுதான். மிதமிஞ்சித் திருகினால் மேல் ஆம் போய் அதன் தடுப்பு ரப்பரில் தங்கிவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் சில்லு இறங்க வழியில்லாமல் டொக் என்று அடிக்கும், சில்லு நிலத்தை விட்டு எழும்பும். மெத்தையில் போகிற வாகனம் மாட்டுவண்டி மாதிரிக் குலுக்கும். ஆகவே முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, போல்டுக்குக் கிறீஸ் பூசி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கோ. இறக்கி, கொஞ்சத்தூரம் ஓட்டி, சில்லின் நடுவிலிருந்து திரும்ப அளவுங்கோ. வாகனம் நிலத்தில் நிற்கும்போது அந்தத் தடுப்பு ரப்பருக்கும் ஆமுக்கும் நடுவில் இரண்டு விரலாவது போகவேண்டும். ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்தினால் நல்லது. முன்பக்கத்தில் இரும்பு பம்பரோ விஞ்ச்சோ இருந்தால் பழைய பார் தாங்காது, தடித்த பார் வாங்கவேண்டும். உங்களிடம் அது இல்லாதபடியால் அந்தக் காசு மிச்சம்.

பின்பக்கம்தான் உங்களுடைய நோவு. அதனால் அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

நீள ஷக்கிள் மலிவு. ஆனால் 2 அங்குலம் நீளமான ஷக்கிள் போட்டால் உயர்வது 1 அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு நுனிதான் இறங்குகிறது. குந்துகிற ஸ்பிரிங் குந்திக்கொண்டே இருக்கும். ஷக்கிள் நீண்டால் பக்கவாட்டு ஆட்டமும் கூடும், சுமையோடு வளைவில் திரும்பும்போது உங்களுக்கே தெரியும். இரும்புக் கட்டை, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் வைப்பது, வைத்த அளவு அப்படியே உயரும். அதிலும் ஸ்பிரிங் பலம் மாறாது. மணலில் தாண்ட வாகனத்தை இழுத்து எடுக்கும்போது அச்சு முறுகி ஸ்பிரிங்கை எஸ் வடிவில் வளைக்கப் பார்க்கும், கட்டை உயரமாக இருக்க இருக்க அந்த முறுக்கு கூடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைப்பதை எங்கே கண்டாலும் கழற்றச் சொல்லுங்கோ. முன் அச்சில் கட்டை வைப்பதை நினைத்தும் பார்க்கக்கூடாது, பிரேக் பிடிக்கும் வேகத்தில் அது நழுவினால் ஸ்ரியரிங் உங்கள் கையில் இருக்காது.

மூன்றாவது வழி, இருக்கிற பிளேட் கட்டுக்குள் ஒரு பிளேட் கூட்டுவது. சுமை ஏற்றுகிறவருக்கு இது நல்ல வழி, செலவும் குறைவு. உயரமும் வரும், பலமும் வரும். வெறுமையாக ஓடும்போது கொஞ்சம் தூக்கிப் போடும். ஆனால் மற்றப் பிளேட்டுகள் களைத்துப் போயிருந்தால், புதிதாக வந்த ஒன்றே முழுச் சுமையையும் சுமந்து கெதியில் உடையும். உங்கள் பிளேட்டுகளைக் கழற்றித் துப்புரவாக்கி, துருவால் மெலிந்திருக்கிறதா, நுனியில் பள்ளம் விழுந்திருக்கிறதா, நடுப்போல்ட் துளையில் இருந்து வெடிப்பு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் இந்த முடிவு.

நெருப்பில் காய்ச்சி அடித்து வளைவு எடுக்கிறோம் என்பார்கள். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. உடைந்த லொறி ஸ்பிரிங்கை வெட்டிக் காருக்குப் பூட்டிய கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன, அந்தக் கைகளுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஸ்பிரிங் உருக்கு தன் துள்ளலைப் பெறுவது அளவான சூடு, எண்ணெய்க் குளிப்பு, பிறகு மீண்டும் மெல்லிய சூடு என்ற வரிசையில். உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து, சும்மா ஆறவிட்டால் அந்தத் துள்ளல் போய்விடும். சில மாதத்தில் பழையபடி குந்தும். சாமான் கிடைக்காத காலத்தில் அது வழி. கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருந்து அடுத்த நாள் பஸ்ஸில் பார்சல் வருகிற காலத்தில் அந்தக் கூலியைப் புதுப் பிளேட்டில் போடுங்கோ.

என் கராஜுக்கு நீங்கள் வந்திருந்தால் நான் சொல்வது நாலாவது வழி: பின்னுக்கு முழுப் பிளேட் கட்டுப் புதிதாக. அவுஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, அயன்மேன், டொபின்சன்ஸ் போன்ற கொம்பனிகள் பின் ஸ்பிரிங்கைச் சுமையின்படி வகை பிரித்து விற்கின்றன. வெறுமையாக ஓடுபவருக்கு ஒன்று, எந்நேரமும் சில நூறு கிலோ ஏற்றி ஓடுபவருக்கு இன்னொன்று. கடைக்காரர் “எத்தனை அங்குலம் வேண்டும்” என்று மட்டும் கேட்டு, “எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்” என்று கேட்கவில்லை என்றால் அந்தக் கடையை விட்டு வாங்கோ. கரவலைக்காரருக்கு ஈரவலையின் நிறையே பெரிய நிறை. உங்கள் ஐஸ், வலை, ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லிக் கேளுங்கோ. அந்தப் பெயர்கள் விலை கூடிவிட்டால், அதே எல்200க்குத் தாய்லாந்தில் செய்து வருகிற பிளேட் கட்டுகளைத் தேடலாம், அங்கே இந்த வகைக் கெப் பெருந்தொகையாக ஓடுகிறது. பாவித்த பிளேட் கட்டு வாங்குவதென்றால், அதைத் தரையில் நிறுத்தி இரண்டு பக்கத்து வளைவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்டைப் பற்றி ஒரு சொல். கழற்றிய யூ போல்டைத் திரும்பப் பூட்டக்கூடாது. இறுக்கும்போது அது இழுபட்டு நீண்டுவிடுகிறது, இரண்டாம் முறை அதே பிடி வராது. எங்கள் கடற்காற்றில் அதன் மரையும் துருவால் அரித்திருக்கும். புதிது போட்டு, 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை, 500இல் இன்னொருமுறை இறுக்குங்கோ. நடுப்போல்ட் உடைந்து பின் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்த வாகனங்கள் பலவற்றில், காரணம் தளர்ந்த யூ போல்டாகத்தான் இருந்தது.

உயரம் கூடினால் ஷொக் அப்சோபரும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். பழைய நீளத்தையே விட்டால், சில்லு இறங்கும்போது ஷொக்தான் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கும், அதன் கண் கிழியும். மிக நீளமானதைப் பூட்டினால் சில்லு மேலே வரும்போது அடிமுட்டும். கே.வை.பி. போன்ற யப்பான் கொம்பனிகளின் சாதாரண ஷொக் அசல் உயரத்துக்கு மிக நல்லது. உயர்த்திய வாகனத்துக்கு அந்த உயரத்துக்கென்று செய்ததையே வாங்குங்கோ. கிறவல் அலைப்பாதையில் நெடுநேரம் ஓடினால் ஷொக்கின் எண்ணெய் சூடாகி நுரைத்து அதன் பிடி தளரும். அதனால் எண்ணெய் கூடுதலாகக் கொள்கிற பருத்த உடல் நல்லது, வாயு நிரப்பியதாக இருந்தால் இன்னும் நல்லது. பளபளக்கிற நிறத்துக்கும் இரட்டை ஷொக்குக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

இப்போது பலர் மறக்கிற ஒன்று, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியமானது. பின் அச்சில் இருந்து சேசியில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போவதைக் காண்பீர்கள். சுமை ஏறி வாகனம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும், வெறுமையாக உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் ஸ்பிரிங்கால் வாகனத்தை உயர்த்தினால், முழுச் சுமையோடு போகும்போதும் அந்த வால்வு “வெறுமை” என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஆனையிறவு நேர் றோட்டில் 800 கிலோவோடு போகும்போது முன்னுக்கு ஒரு மாடு குறுக்கிட்டால், அப்போது பின் பிரேக் வேண்டும். லிப்ட் பூட்டிய அன்றே அந்தக் கம்பியின் பிறக்கட்டை உயர்த்திய அளவுக்கேற்பச் சரிசெய்யச் சொல்லுங்கோ. பிரேக் ஹோஸையும் பாருங்கோ: வாகனத்தைத் தூக்கிச் சில்லுகளைத் தொங்கவிட்டு, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தால் ஹோஸ் இழுபடுகிறதா என்று தெரியும். இழுபட்டால் நீளமானது போடாமல் வாகனம் கராஜை விட்டு வெளியே வரக்கூடாது.

காசு குறைவு என்றீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. முதலில் பின் பிளேட் கட்டு, யூ போல்ட், ஸ்பிரிங் கண்ணுக்குள் இருக்கிற புஷ், அதோடு அந்தப் பிரேக் வால்வு. அதே கையோடு முன்பாரை அளவாகத் திருகி வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும், பார்க்காமல் ஓட்டினால் ரயரின் ஓரம் ஒரே மாரியில் தேய்ந்துவிடும். ஷொக் நாலும் அடுத்த கட்டம், ஆனால் உயர்வு 1 அங்குலத்துக்கு மேல் போனால் பின் ஷொக் இரண்டையும் முதலிலேயே மாற்றுங்கோ. ரயரை இப்போது உள்ளவை தேயும்வரை விடலாம். முகவிளக்கைக் கீழே இறக்க மறக்க வேண்டாம். முன்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் எதிரே சைக்கிளில் வருகிறவரின் கண்ணுக்கு நேரே போகும். அதற்கு ஒரு ஸ்குறூ டிறைவரும் ஒரு சுவரும் போதும்.

கடற்கரையில் ஓடியபிறகு அடிப்பக்கத்தைக் கழுவுகிறீர்களா? உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கழுவியதாகாது. நல்ல தண்ணீர் ஒரு பரல் போதும், பிளேட்டுகளின் இடுக்கிலும் யூ போல்ட் மரையிலும் நன்றாக அடியுங்கோ.

கேள்வி: எங்களுடைய ஹைலக்ஸ் விகோவுக்கு முன்பக்கம் 2 அங்குலம் உயர்த்த ஒரு கடையில் அலுமினிய ஸ்பேசர் சொன்னார்கள். மற்றக் கடையில் ஸ்பிரிங், ஷொக் எல்லாம் சேர்ந்த செற்றுத்தான் நல்லது என்கிறார்கள். விலை வித்தியாசம் மிகப் பெரிது. வயல் வேலைக்குத்தான் ஓடுகிறோம்.
– சாவகச்சேரி வாசகர்

பதில்: விகோவில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த கால். அந்தக் கால் கீழ் ஆமின் நுனியில் இல்லை, ஏறத்தாழ நடுவில் நிற்கிறது. ஆகவே மேலே 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் வைத்தால் சில்லில் கிட்டத்தட்ட 50 மில்லிமீற்றர், அதாவது 2 அங்குலம் உயரும். கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கோ: 2 அங்குலம் என்பது ஸ்பேசரின் தடிப்பா, வாகனம் உயரும் அளவா? 2 அங்குலத் தடிப்புள்ள ஸ்பேசரைப் பூட்டினால் வாகனம் 4 அங்குலம் எழும்பும், முதல் பதிலில் சொன்ன எல்லாத் துன்பமும் வரும்.

உங்கள் ஸ்பிரிங் களைக்கவில்லை, ஷொக் ஒழுகவில்லை, முன்னுக்குக் கனத்த பம்பர் இல்லை என்றால் 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் வயல் பாதைக்குப் போதும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஷொக் ஒழுகினால் கதை வேறு. ஒழுகுகிற ஷொக்கின் மேல் ஸ்பேசர் வைத்தால், ஒரு வருசத்துக்குள் அதே காலைத் திரும்பக் கழற்றி இரண்டாம் முறை கூலி கொடுப்பீர்கள். அந்த நிலைமையில் சற்று உயர்ந்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷொக்கும் ஒரேயடியாகப் போடுவதுதான் மலிவு. இரும்புத் துண்டை வெட்டி ஒட்டிச் செய்த ஸ்பேசர் வேண்டாம், வார்த்து மரை கடைந்ததாக இருக்கட்டும். மேல் ஸ்பேசருக்குச் சுருளைக் கழற்றத் தேவையில்லை. புதுச் சுருள் மாற்றுவதென்றால் அமுக்கிப் பிடிக்கிற சரியான கருவி உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கோ. கயிற்றாலும் கம்பியாலும் கட்டிக் கழற்றுகிற இடத்தில் நிற்கவே வேண்டாம், அமுங்கிய சுருள் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று. முன்பக்கம் மட்டும் உயர்த்தி விதைநெல்லும் உரமும் பின்னுக்கு ஏற்றினால் மூக்கு வானம் பார்க்கும், ஸ்ரியரிங் லேசாகிவிடும். பின் பிளேட்டையும் பார்த்துத்தான் முன்னை உயர்த்தவேண்டும்.

கேள்வி: என் தம்பி, முன்பக்கமும் லீவ் ஸ்பிரிங் உள்ள பழைய ஹைலக்ஸை நாலு பக்கமும் நீள ஷக்கிள் போட்டு உயர்த்தியிருக்கிறான். இப்போது 60, 70இல் போகும்போது ஸ்ரியரிங் அலைகிறது, சில வேளை முன்சில்லுகள் இரண்டும் உதறுகின்றன. சொன்னால் கேட்கிறான் இல்லை. அம்மாவையும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான்.
– ஒரு வாசகி, கரவெட்டி

பதில்: பிள்ளை, உங்கள் தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கோ. தம்பி, முன்பக்கம் ஒரே அச்சு உள்ள வாகனத்தில் ஷக்கிளை நீட்டினால் அச்சு அப்படியே உயராது, சற்று முறுகித்தான் உயரும். சில்லைத் தாங்குகிற கிங்பின் சாய்வு அதோடு மாறும். சில்லைத் திருப்பி நேருக்குக் கொண்டுவருவது அந்தச் சாய்வுதான். அது குறைந்தால் வாகனம் றோட்டில் அலையும். அதோடு ஸ்ரியரிங் பொக்ஸில் இருந்து சில்லுக்குப் போகிற கம்பி முன்பைவிடக் கூடுதலாகச் சாய்ந்துவிடுகிறது. சில்லு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கம்பி நீங்கள் திருப்பாமலே சில்லைத் திருப்பும். உதறல், ஏற்கெனவே தேய்ந்திருந்த கிங்பின் பெயரிங்கும் ரை ரொட் என்டும் இந்தக் கோணத்தில் வெளியே காட்டுகிற நோய்.

நீள ஷக்கிளைக் கழற்றிப் பழைய நீளத்தைப் பூட்டி, உயரம் வேண்டுமென்றால் வளைவு கூடிய புதுப் பிளேட் போடுங்கோ. சாய்வு இன்னும் குறைவாக இருந்தால் பிளேட்டுக்கும் அச்சுக்கும் இடையில் பாகைக் கணக்கில் வைக்கிற ஆப்பு இருக்கிறது, அதை அலைன்மென்ட் பார்த்து அளந்து வைக்கவேண்டும், கண்மதிப்பில் இல்லை. ஸ்ரியரிங் டம்பர் ஒன்று பூட்டினால் உதறல் மறையும் என்று யாராவது சொல்லுவார்கள். மறையும், நோய் உள்ளே இருக்கும். அது சரிவரும்வரை அம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போங்கோ.

கேள்வி: நண்பர்களோடு மணற்காட்டு மணல்மேட்டில் கெப் ஏற்ற ஆசை. சுண்டிக்குளம் பக்கமும் போவோம். எத்தனை அங்குல லிப்ட் வேண்டும்?
– நெல்லியடி இளைஞர்

பதில்: மணலுக்கு லிப்ட் தேவையில்லை தம்பி, காற்றைக் குறைக்கவேண்டும். றோட்டில் 30 இறாத்தல் வைத்திருந்தால் மணலில் இறங்கமுன் 18 வரைக்கும் விடுங்கோ. ரயர் நீளவாக்கில் படிந்து மணலை மிதித்துப் போகும், வெட்டித் தாழாது. அப்படி விட்டபிறகு மெதுவாக ஓடவேண்டும், சடாரென்று திருப்பக்கூடாது, ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் றோட்டுக்கு ஏறமுன் திரும்ப அடிக்க ஒரு சின்னக் கொம்பிறசரும் நம்பகமான காற்றுமானியும் வாங்குங்கோ. லிப்ட் கிட்டின் விலையில் ஒரு துண்டுதான் அது. சில்லு தாண்டால் அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டாம், இறங்கி மணலைக் கையால் வாரி, ஒரு மண்வெட்டியும் இரண்டு பலகையும் வைத்து வெளியே வாங்கோ.

ஆனால் இதையும் மனதில் வையுங்கோ. மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தையே மணல் மூடிக் கிடக்கிறது, அவ்வளவு நகர்கிற மணல் அது. அதைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் சவுக்கும். கொடி படர்ந்த மேட்டில் சில்லு ஓடினால் அடுத்த காற்றுக் காலத்தில் மணல் ஊருக்குள் வரும். சுண்டிக்குளம் 2015இல் இருந்து தேசியப் பூங்கா, கடற்பறவைகளும் நீர்ப்பறவைகளும் கூடுகிற இடம், அங்கே பாதையை விட்டு இறங்கவே கூடாது. வெறும் கடற்கரை மணல் எங்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது, அதில் பழகுங்கோ.

கேள்வி: ரப்பர் புஷ் நல்லதா, பொலியூரிதேன் புஷ் நல்லதா?
– வேலணை வாசகர்

பதில்: எங்கள் மணலுக்கும் புழுதிக்கும் நான் நல்ல ரப்பரைத்தான் பூட்டுவேன். பொலியூரிதேன் இறுக்கமானது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அதற்குள் மணல் புகுந்தால் கீச்சிடும், கழற்றிக் கிறீஸ் பூசவேண்டி வரும். கிறீஸ் அடிக்கிற நிப்பிள் உள்ள ஷக்கிள் பின் என்றால் மட்டும் அதை யோசியுங்கோ.

கேள்வி: லிப்ட் பூட்டினால் காப்புறுதிக்குச் சிக்கல் வருமா? பதிவுப் புத்தகத்தில் ஏதும் மாற்றவேண்டுமா?
– கோப்பாய் வாசகர்

பதில்: பதிவுப் புத்தகத்தில் உங்கள் ரயர் அளவு எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கோ. ரயர் அளவை மாற்றினால் அல்லது உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடினால், பூட்ட முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கோ. காப்புறுதி நிறுவனத்துக்கு என்ன பூட்டப் போகிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து, அவர்களுடைய பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கோ. தொலைபேசியில் “பிரச்சினை இல்லை அண்ணை” என்று சொன்னவரை விபத்து நடந்த பிறகு தேடிப் பிடிக்க முடியாது. கிட்டின் பற்றுச்சீட்டையும் கராஜ் பற்றுச்சீட்டையும் அதே கோப்பில் போட்டுவிடுங்கோ.

கேள்வி: இரண்டு சில்லு இழுவை உள்ள சின்ன பிக்கப்பில் வெங்காயம் ஏற்றுகிறேன். மழைக்குத் தோட்டத்து ஒழுங்கையில் சில்லு சுத்துகிறது. உயர்த்தினால் சரிவருமா?
– புன்னாலைக்கட்டுவன் வாசகர்

பதில்: சரிவராது அண்ணை. செம்மண் ஈரமானால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், அங்கே தேவை பிடிப்பு. பின் ரயர் இரண்டையும் சேற்றுப் பூவுள்ளதாக மாற்றுங்கோ. வெறுமையாகப் போகும்போது பின் அச்சுக்கு மேலே இரண்டு மூடை மண் வையுங்கோ, அந்தப் பாரம் சில்லை நிலத்தில் அழுத்திப் பிடிக்கும். ஸ்பிரிங் குந்தினால் மட்டும் ஒரு பிளேட் கூட்டலாம். மிச்சக் காசுக்கு அந்த ஒழுங்கையின் தாழ்ந்த இடத்தில் அயலவர்களோடு சேர்ந்து இரண்டு லோட் கிறவல் பறியுங்கோ.